கடல் ராஜாவின் மீசை

பூமத்தியரேகையைக் கடந்தவர்கள் பாடாங் செராய் வட்டாரத்தில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், விமானத்தில் சாய்ந்து தூங்கிக்கொண்டே கடந்தவர்களை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். மரக்கப்பலில், மேல்தளத்தில், வெறும் காலோடு நின்று, முறைப்படி சடங்கு செய்து, தலையைக் கொடுத்துக் கடந்தவன் நான். என்னோடு வந்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆகவே இனி நான் சொல்வதுதான் சரித்திரம்.

படிப்பு எனக்கு அதிகமில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்விடுவேன். பிறகு ஒரு பழைய லாரி வாங்கி, அதை வைத்து இன்னொரு லாரி வாங்கி, கூலிமில் கடை போட்டு, சுங்கை பட்டாணியில் மாடி வீடு கட்டியதெல்லாம் ஊரறிந்த கதை. ஊரறியாத கதை ஒன்று இருக்கிறது. எனக்குக் கிடைத்த எல்லாவற்றுக்கும் மூளைதான் முதல் என்பதற்கு அதுதான் சாட்சி.

ஜப்பான்காரன் காலம். வெள்ளைக்கார துரை பங்களாவைப் பூட்டாமலேயே ஓடியிருந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டினாலும் வாங்க ஆளில்லை. ரப்பர் விளைகிற ஊரிலேயே சைக்கிளுக்கு டயர் கிடையாது, சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி ஓட்டினோம். மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டு, காலையில் கிழங்கு, மாலையில் அதே கிழங்கு என்று வயிற்றை ஏமாற்றிக்கொண்டிருந்தோம். சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள், போனவர்கள் திரும்புவதில்லை என்ற பேச்சு எங்கள் வரிசை வீடுகளான லயம் முழுக்க ஓடியது. என் முறை வருகிறவரை நான் உட்கார்ந்திருக்கிற ஆளா? கோத்தா கோலா மூடாவில் ஜப்பான்காரர்கள் ஒரு மரக்கப்பலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று காதில் விழுந்த அன்றே கிளம்பிவிட்டேன். கப்பல் வேலை தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். அதற்கு முன் கடலை நான் பார்த்ததே ஒரே தடவைதான், அதுவும் தூரத்திலிருந்து.

என்னோடு வந்தவர் பக்கத்து வீட்டு அண்ணன். பெரிய மீசைக்காரர். அந்த மீசையின் இரண்டு நுனியும் காதைப் பார்த்து வளைந்திருக்கும். குழம்பு தாளிக்க எண்ணெய் இல்லாத அந்தக் காலத்திலும் அதற்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் கிடைத்துவிடும். ஆனால் ஆள் பயந்த சுபாவம். மீசையைப் பார்த்துத்தான் எல்லோரும் வழிவிடுவார்களே தவிர, அவர் குரலை யாரும் கேட்டதில்லை.

அவர் கப்பலுக்கு வந்ததற்குக் காரணம் அவருடைய அப்பா. பெரியவர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். மரவள்ளி அவருடைய வயிற்றில் தங்கவில்லை. சவ்வரிசிக் கஞ்சி கொடுத்தால் பிழைப்பார் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொல்லியிருந்தார். கெடாவில் அப்போது சவ்வரிசிக்கு எங்கே போவது? எங்கள் கப்பலோ கருவாடு ஏற்றிக்கொண்டு தெற்கே லிங்கா தீவுக்குப் போய்ச் சவ்வரிசி ஏற்றிவரப் போகிற கப்பல். கூலியும் சவ்வரிசியாகவே தருவார்கள்.

புறப்படும்போது அண்ணன் அப்பாவின் காலைத் தொட்டார். பெரியவர் கையை நீட்டி மகனுடைய மீசையைத் தடவிப் பார்த்தார்.

"இது இருக்கிற வரைக்கும் நான் இருக்கேன்னு அர்த்தம்டா. இதை எடுக்கிற நாள் தானா வரும். அதுக்கு முன்னாடி எடுத்துட்டு வந்து என் முன்னாடி நிக்காதே."

நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தகப்பன் இருக்கும்போது மகன் மீசையை எடுத்தால் என்ன அர்த்தம் என்று லயத்துக் குழந்தைக்கும் தெரியும். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

கப்பலில் நாங்கள் ஐந்தே பேர். சுக்கான் பிடித்தவர் கோலா மூடாவைச் சேர்ந்த மலாய்க்காரர், அவரை நக்கோடா என்று கூப்பிடுவோம். சமையலுக்கு சுங்கை பட்டாணிக்காரர் ஒருவர், கத்தோலிக்கர், வாய் ஓயாமல் கிண்டல் பேசுகிறவர். எங்களுக்கெல்லாம் மேலே ஒரு ஜப்பான்காரர், தாய்ச்சோ, அதாவது தலைவர். இஞ்சினும் அவர் கையில், எங்கள் கன்னமும் அவர் கையில். சண்டைக்கு முன் அவர் மீன்பிடிக் கப்பலில் உலகம் சுற்றியவராம். ஒட்ட வெட்டிய தலை, தங்கப் பல், இடி மாதிரி குரல். கயிற்றைத் தப்பாக முடிந்தால் "பாகேரோ!" என்று ஒரு அறை. என்னை ஒரே ஒரு தடவைதான் அறைந்தார், ஏனென்றால் எதையும் ஒரே தடவையில் கற்றுக்கொள்கிறவன் நான். அண்ணன்தான் பாவம், பினாங்கைத் தாண்டுவதற்குள்ளேயே நிறைய வாங்கிவிட்டார்.

சிங்கப்பூரைத் தாண்டித் தெற்கே திரும்பியதும் தாய்ச்சோவுக்கு உற்சாகம் பிறந்தது. எங்களை வரிசையாக நிற்க வைத்து, பாதி மலாயிலும் பாதி கையசைப்பிலும் சேதி சொன்னார். நாளை மத்தியானம் கப்பல் பூமியின் நடுக்கோட்டைத் தாண்டுகிறது. அங்கே கடலுக்குள் ஒரு கதவு இருக்கிறது. ராஜா லாவுட், அதாவது கடல் ராஜா, கப்பலில் ஏறி வந்து சாவியால் அதைத் திறப்பார். முதல் தடவை தாண்டுகிறவர்கள் தலையையும் முகத்தையும் சுத்தமாகச் சிரைத்து, கடல் தண்ணீரில் குளித்து அவர் முன்னால் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கப்பலுக்கு ஆகாது. சொல்லிவிட்டு முடிவெட்டும் மிஷினையும் சவரக்கத்தியையும் எடுத்துக் காட்டினார். இரண்டும் பளபளவென்று இருந்தன.

"எனக்குப் பொறந்த ஒடனேயே ஞானஸ்நானம் ஆயிடுச்சுன்னு அந்த ராஜாகிட்ட யாராச்சும் சொல்லுங்கப்பா" என்றார் சமையல்காரர். "இன்னொரு தடவ முக்குனா எங்க சாமியார் கோவிச்சுக்குவாரு."

நக்கோடா சிரித்தார். அவர் அந்த வழியாக எத்தனையோ தடவை போய் வந்தவர். "கதவும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர்தான்" என்று எங்களிடம் மெதுவாக மலாயில் சொன்னார். "ஆனால் அவர் இன்றுதான் முதல் தடவையாகச் சிரிக்கிறார். கெடுத்துவிடாதீர்கள்."

அண்ணனைக் காணவில்லை. தேடிப் போனால், கருவாட்டு மூட்டைகளுக்குப் பின்னால் மேலுதட்டைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, நான் கடல்ல குதிச்சிடறேன்டா."

"நீச்சல் தெரியுமாண்ணே?"

"தெரியாது."

"அப்ப குதிக்காதீங்க லா."

"வெளையாடாதடா. மீச இல்லாம நான் போயி எங்கப்பா முன்னாடி நின்னா, 'எனக்குக் காரியம் முடிச்சிட்டுத்தான் வந்திருக்கான்'னு நெனச்சே அந்தாளு மூச்சு நின்னுடும். சவ்வரிசி கொண்டு போயி யாருக்குக் குடுக்கிறது?"

"முடியாதுன்னு தாய்ச்சோகிட்ட சொல்லிப் பாருங்களேன்."

"நீ சொல்லேன்" என்று கன்னத்தைத் தடவிக் காட்டினார். பழைய அறையே இன்னும் வீங்கியிருந்தது.

இந்த இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் விதி என்று விட்டிருப்பார்கள். நான் எழுந்து மேல்தளத்தில் இரண்டு நடை நடந்தேன். அங்கே தாய்ச்சோ சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு தேங்காய்நார்க் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். கடல் ராஜாவுக்கு மீசை தாடி என்றார். ராஜா வேஷம் அவருக்குத்தானாம்.

அப்போது என் மூளை வேலை செய்தது பாருங்கள், அதற்குப் பிறகு லாரி வியாபாரத்தில்கூட அவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை.

"தாய்ச்சோ, கயிற்று மீசை காற்றில் பறந்துவிடுமே" என்றேன் மலாயில். "கடல் ராஜா தன் சொந்தக் கண்ணால் அதைப் பார்த்தால் கோபித்துக்கொள்ள மாட்டாரா? அசல் மீசை ஒன்று கப்பலிலேயே இருக்கிறதே."

அண்ணனை இழுத்து வந்து நிறுத்தினேன். தாய்ச்சோ மாடு வாங்குகிறவர் மாதிரி அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மீசை நுனியைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தார். "பாகுஸ்!" நல்லது என்றார். ஆனால் உடனே முகம் தொங்கிவிட்டது. ராஜாவாக இருக்க அவருக்கு அவ்வளவு ஆசை.

"நீங்கள்தான் கத்தி பிடிக்க வேண்டும்" என்றேன். "உங்களை விட்டால் இந்தக் கப்பலில் கத்தி பிடிக்க யாருக்குத் தெரியும்?"

முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு சந்தேகம் வந்தது. இவனும் முதல் தடவைதானே, இவனுடைய முடி கடலுக்குச் சேர வேண்டாமா என்றார்.

நான் என் தலையைத் தட்டிக் காட்டினேன். "அவருடைய பங்கையும் சேர்த்து என்னிடம் எடுத்துக்கொள்ளுங்கள்."

அந்த நாளில் என் கிராப்பைப் பார்ப்பதற்காகவே குழாயடியில் பெண்கள் தாமதிப்பார்கள். சுருள் சுருளாக நெற்றியில் விழும். அரும்பு மீசையும் உண்டு. ஆனால் என்னைப் பெற்றவர்கள் இருவரும் எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே போய்விட்டார்கள். என் மீசை போனால் பதற யாருமில்லை. கொடுக்க வேண்டியவன் நான்தான் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம், கடல் எண்ணெய் தடவினாற்போல் கிடந்தது. பிஸ்கட் டின்னை வெட்டிக் கிரீடம் செய்திருந்தோம். கோணிச் சாக்கில் அங்கி. வலையில் கட்டும் மிதவைக் கட்டைகளைக் கோத்து மாலை. இஞ்சினுக்குப் பூசும் சிவப்புப் பெயின்ட் நெற்றியில். கையில் மீன் குத்தும் சூலம். அண்ணனை மூட்டைகளின் மேல் ஏற்றி உட்கார வைத்ததும் சமையல்காரர் கிண்டலை மறந்து ஒரு நிமிஷம் வாயைப் பிளந்தார்.

"அண்ணே, சூலத்தோட பார்த்தா ஒங்க தோட்டத்து முனீஸ்வரன் எறங்கி வந்து உக்காந்த மாதிரியே இருக்கு. நான் வேதக்காரன், எனக்கே கை கூப்பணும்போல வருது."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படி அவர் நிமிர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

என்னை மண்ணெண்ணெய் டின்மேல் உட்கார வைத்தார்கள். சோப்புக்குப் பதில் மரவள்ளி மாவுக் கூழைத் தலையில் கொட்டினார்கள். மிஷின் வெட்டியது பாதி, பிடுங்கியது பாதி. சுருள் முடி மடியில் விழுந்து, அங்கிருந்து காற்றில் போய்க் கடலில் விழுந்தது. மீசைக்குக் கத்தி ஒரே இழுப்பு. இரட்டைப் பங்கு என்று தாய்ச்சோ புருவத்தைப் பார்த்தார். "புருவம் பேச்சில் இல்லை" என்று சொல்லிவிட்டேன். அடுத்து சமையல்காரர் தலை. அவருக்குப் பிறவியிலேயே மீசை அரும்பவில்லை, கத்திக்கு வேலை இல்லாமல் போயிற்று.

பிறகு வாளி வாளியாகக் கடல் தண்ணீர். எல்லாம் முடிந்ததும் தாய்ச்சோ ராஜாவின் முன்னால் குனிந்து, பலகையில் வெட்டிய பெரிய சாவியை நீட்டினார். இன்றைக்கு ராஜா சொல்வதே சட்டம், என்ன கட்டளை என்று கேட்டார்.

நான் அதை அண்ணனுக்குத் தமிழில் சொன்னேன்.

அண்ணன் மீசையை முறுக்கினார். "அவரு பொட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கிற டின் மீன எடுத்து எல்லாருக்கும் வைக்கச் சொல்லு."

சொன்னேன். தாய்ச்சோ திகைத்தார். பிறகு போய் எடுத்து வந்தார். அத்தனை நாள் கருவாட்டுத் தலையோடு கிழங்கு தின்ற எங்களுக்கு அந்த டின் மீன் கல்யாணச் சாப்பாடு.

"அப்பறம்" என்றார் ராஜா. குரல் மாறியிருந்தது. "என்னைய அறஞ்ச கை இருக்கு பாரு, அந்தக் கைக்காரருக்கும் தண்ணி ஊத்தச் சொல்லு. அறைக்கு ஒரு வாளி."

சமையல்காரர் மெல்லுவதை நிறுத்தினார். நக்கோடாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு சுக்கானை இறுகப் பிடித்தார். தாய்ச்சோ என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறார்?" என்றார். இடுப்பில் கத்தி இருந்தது.

அறை என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. "சிரைத்தவரும் குளித்துவிட்டுத்தான் கோட்டைத் தாண்ட வேண்டும் என்கிறார் ராஜா. நிறைய வாளி வேண்டுமாம்" என்றேன்.

தாய்ச்சோ வாளியைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார். பிறகு தங்கப் பல் தெரிந்தது. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, நான் உட்கார்ந்திருந்த அதே டின்மேல் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டார். ஊற்றினோம். சமையல்காரர் மொண்டு கொடுக்க நான் ஊற்ற, நான் மொண்டு கொடுக்க அவர் ஊற்ற, தாய்ச்சோ "போதும், போதும்" என்று கத்தினார். போதும் என்று சொல்ல வேண்டியது ராஜா அல்லவா? ராஜாவோ விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். கடைசியில் தாய்ச்சோ சிரித்துச் சிரித்து இருமி, தளத்திலேயே மல்லாந்துவிட்டார். திரும்பி வருகிற வழியெல்லாம் அண்ணன்மேல் அவர் கை படவே இல்லை.

ராஜா எழுந்து நின்று, காற்றில் சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்தார். நக்கோடா என் காதில் சொன்னார்: "கோடு அப்போதே போய்விட்டது, உன் தலையில் கூழ் ஊற்றும்போதே."

லிங்காவில் சவ்வரிசி ஏற்றி, நல்லபடியாகக் கோலா மூடா வந்து சேர்ந்தோம். ஆளுக்கு ஒரு மூட்டை கூலி கிடைத்தது. சமையல்காரர் தன் ஊருக்குப் பிரிந்து போனார். நானும் அண்ணனும் ஒரு மாட்டுவண்டிக்காரருக்குக் கொஞ்சம் சவ்வரிசி அளந்து கொடுத்து, தோட்டத்து முகப்பில் வந்து இறங்கினோம்.

முகப்பில் மரத்தடியில் முனீஸ்வரன் கல் இருக்கிறது. மீசையோடு திரும்பினால் தேங்காய் உடைப்பதாக அண்ணன் வேண்டியிருந்தார்.

"நீ முன்னாடி போ தம்பி. மூட்டையோட நான் பின்னாடி வர்றேன். ஒன் மூட்டையும் இங்கயே இருக்கட்டும், திரும்பி வந்து எடுத்துக்கலாம். எங்கப்பாகிட்ட மெதுவா சொல்லு, என்ன. திடீர்னு பார்த்தா சந்தோஷத்துல நெஞ்சு தாங்காது. பக்குவமா சொல்லு."

அவருடைய துணிமூட்டையை என் கையில் கொடுத்தார். நான் நடந்தேன். வெயிலில் என் மொட்டை பளபளத்தது. உலகத்தின் நடுக்கோட்டைத் தாண்டி வந்தவன் என்ற நடை என்னுடையது.

குழாயடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். அண்ணனுடைய மனைவியும் நின்றிருந்தார். எல்லோரும் என் தலையைப் பார்த்தார்கள். வேண்டுதல் மொட்டை என்றால் சந்தனம் பூசியிருக்கும். என் தலையில் சந்தனம் இல்லை. முகத்தில் மீசையும் இல்லை. எனக்குத் தாய் தகப்பன் இல்லை என்பது தோட்டத்துக்கே தெரியும். பிறகு யாருக்காக? கையில் வேறு அண்ணனுடைய துணிமூட்டை.

இதெல்லாம் எனக்கு அப்போது ஓடவில்லை. பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்பதிலேயே புத்தி இருந்தது. ஆகவே மிகவும் பக்குவமாகச் சொன்னேன்:

"அண்ணி, பதறாதீங்க. அண்ணனப் பத்தி ஒரு சேதி. மொதல்ல மனச திடப்படுத்திக்குங்க."

வாளி விழுந்தது. அண்ணி விழுந்தார். அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் மாரில் அடித்துக்கொண்டு ஓலமிட, லயத்தின் கடைசி வீடு வரை அது பரவியது. "அய்யோ, கடல்ல போயி கொள்ளி வச்சிட்டு வந்திருக்கானே!" என்று ஒரு கிழவி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். இல்லை, இல்லை என்று நான் கத்துவது எனக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் அந்த வீட்டு வாசலில் பெரியவர் தெரிந்தார். மாதக்கணக்கில் எழுந்திராத மனுஷன். கதவு நிலையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, பிறகு எதையும் பிடிக்காமல் முற்றத்தைத் தாண்டி வந்தார். நேராக என்னிடம் வந்து மொட்டையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"எங்கடா என் மவன்?"

எனக்கு வாய் வரவில்லை. என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான். கையை நீட்டி முகப்புப் பாதையைக் காட்டினேன்.

செம்மண் பாதையில், தலையில் மூட்டையோடு, ஓலம் கேட்டுத் தன் அப்பாதான் போய்விட்டார் என்று நினைத்து ஓட்டமும் அழுகையுமாக அண்ணன் வந்துகொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பெரியவருக்குப் பார்வை மங்கல். கண்ணுக்குமேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மீச இருக்குடா" என்றார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். "யாருக்குடி இந்த அழுக? எந்திரிச்சுப் போயி அடுப்ப மூட்டுங்க. சவ்வரிசி வந்திருக்கு."

கஞ்சி குடித்து முடித்தபின் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"நீ யாருக்குடா மொட்ட போட்ட?"

"ஒங்களுக்குத்தான் பெரியப்பா."

"நான் உசிரோட இருக்கும்போதேவா?"

முழுக் கதையையும் சொன்னேன். தாய்ச்சோவுக்கு வாளி வாளியாக ஊற்றிய இடத்தில் அவர் சிரித்த சிரிப்பில் குடித்த கஞ்சி வெளியே வந்துவிடுமோ என்று அண்ணி பயந்தார். பிறகு, சந்தனம் எங்கும் கிடைக்காது என்பதால், மஞ்சளை இழைக்கச் சொல்லிப் பெரியவர் தன் கையாலேயே என் தலையில் பூசினார்.

அவர் எழுந்து நடந்தது சவ்வரிசியால் என்று டிரெஸ்ஸர் சொன்னார். முனீஸ்வரனால் என்று அண்ணன் சொன்னார். சவ்வரிசியைத் தின்பதற்கு முன்பே அவர் நடந்தாரா இல்லையா? என் மொட்டையைப் பார்த்துத்தான் நடந்தார். தோட்டத்தில் இதை மறுத்துப் பேச ஒருவராலும் முடிந்ததில்லை.

பெரியவர் அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார். ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரன் திரும்பி வந்து, அவனும் போகிறவரை இருந்து, பேரன் கல்யாணத்தையும் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். காரியத்துக்கு மூடா ஆற்றங்கரையில் அண்ணன் உட்கார்ந்தார். மீசை பாதி நரைத்திருந்தது. நாவிதர் மேலுதட்டை நனைத்துவிட்டுக் கத்தியைத் தீட்டினார். பக்கத்தில் குத்துக்காலிட்டு நான் இருந்தேன்.

"ராஜா பதவி போகுதுடா தம்பி" என்றார் அண்ணன். கண்ணில் தண்ணீர். "நீயும் ஒக்காரேன்."

"நான்தான் ஒங்க பங்கையும் சேர்த்து அன்னைக்கே குடுத்துட்டேனே லா."

அவர் சிரித்துவிட்டார். கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாவிதர், ஆடாமல் உட்காரச் சொன்னார்.